கதவுப் பக்கம்

அண்ணி எதைச் சொன்னாலும் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி" போதாது. தலையாட்டினால் அறவே போதாது. "கேஸை மூடிட்டு வா" என்றால், மூடிவிட்டு வந்து, "கேஸை மூடிட்டேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் உட்கார்ந்தால் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அம்மாவுக்கு இது பெரிய எரிச்சல்.

"வந்திருக்கிறது மருமகளா, வாத்தியாரம்மாவாடி?" என்று என் காதில் சொல்வாள். "மூடினேனா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

போகப் போக அம்மாவே மாறிவிட்டாள். வாசல் கதவைத் தாழ் போட்டதும், வீட்டில் யாருமே இல்லாவிட்டாலும், "தாழ் போட்டாச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். வருடக்கணக்காக நான் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கிருந்து வந்த பழக்கம் என்பது மட்டும், அண்ணியின் அலுவலகத்தில் எனக்கும் ஒரு வேலை கிடைத்த பிறகுதான் புரிந்தது.

எட்டாவதோடு நான் படிப்பை நிறுத்தியவள். அண்ணி சொல்லித்தான் அங்கே சேர்த்துக்கொண்டார்கள். பெருக்கித் துடைப்பது, டீ போட்டுக் கொடுப்பது. என்னோடு பேச அங்கே யாருக்கும் அவசியம் வராது. எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. டீத்தட்டோடு நிற்கிறவளைப் பார்த்து யாரும் பேச்சை நிறுத்துவதில்லை.

கன்ட்ரோல் ரூம் என்று அதற்குப் பெயர். ஜன்னல் கிடையாது. ஏசிக் குளிருக்கு ஆண்கள்கூட ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். எதிர்ச் சுவர் முழுக்க ஒரு திரை, திரையில் ஒரு வட்டம், வட்டத்தின் மேல் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் நகரத்தில் ஒரு கட்டிடம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்று, தண்ணீர் வாரியம் ஒன்று, தீயணைப்பு நிலையம், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் எடுக்கிற அறை, இப்படி. மண்ணுக்கு அடியில் ஓடும் கண்ணாடி நார் இவற்றையெல்லாம் கோத்துக்கொண்டு போய், புறப்பட்ட கட்டிடத்துக்கே திரும்பி வருகிறது. அதனால் அதை வளையம் என்பார்கள்.

எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். வட்டமாகக் கைகோத்து நிற்கும் ஆட்களை நினைத்துக்கொண்டால் போதும். ஒருவர் காதில் சொன்னது பக்கத்தில் இருப்பவருக்குப் போகிறது, அவரிடமிருந்து அடுத்தவருக்கு. நடுவில் எங்காவது ஒரு கை விட்டுப்போனால், செய்தி அப்படியே திரும்பி மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும். கண் இமைக்கிற நேரத்துக்குள் அது தானே திரும்பிவிடும். போனில் பேசிக்கொண்டிருப்பவருக்கு ஒரு சொல்கூட விட்டுப்போகாது. ஆனால் ஒருவருக்கு இரண்டு கையும் விட்டுப்போனால் அவர் தனி. அவரிடமிருந்து எதுவும் வராது, அவருக்கு எதுவும் போகாது.

அண்ணியின் வேலை இந்தக் கைகளைப் பார்த்துக்கொள்வது. எங்காவது நாரைச் சரிசெய்ய வேண்டியிருந்தால், அங்கே தொடுவதற்கு முன்பே அந்தப் பக்கத்துப் போக்குவரத்தை மறுபக்கம் திருப்பிவிட்டு, திரும்பி வராதபடி பூட்டுவாள். அதற்கு அவர்கள் சொல்வது 'ஃபோர்ஸ் போடுவது'. வேலை முடிந்ததும் 'ஃபோர்ஸ் எடுப்பது'. போட்டவரே எடுக்க வேண்டும். அதுவும், நாரில் கை வைத்திருக்கும் ஆள் போனில் வந்து, "கையை எடுத்துட்டேன்" என்று சொன்ன பிறகுதான் எடுக்க வேண்டும்.

காரணம் கண். நாருக்குள் ஓடும் வெளிச்சம் பார்வைக்குத் தெரியாது. நாரின் முனையில் தூசி இருக்கிறதா என்று பார்க்க ஆட்கள் கையடக்கமான ஒரு ஸ்கோப்பைக் கண்ணில் வைப்பார்கள். அந்த நேரத்தில் நாருக்குள் வெளிச்சம் இருந்தால், இருப்பது தெரியாமலே கண் போய்விடும். அண்ணி வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் ஒருவருக்கு அப்படி ஆகியிருக்கிறது. அவர் இப்போதும் வாசலில் காவலாளியாக இருக்கிறார். நாம் வலப்பக்கமாக வந்து வணக்கம் வைத்தால் அவருக்குத் தெரியாது.

நாரில் கை வைக்கும் ஆட்களில் என் அண்ணனும் ஒருவன். அவனுக்கும் அண்ணிக்கும் முதலில் பழக்கமானது குரல்தான். ஏதோ ஒரு குழிக்குள் இருந்து அவன் பேச, இவள் ஒன்றுக்கு மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். "யாருடா அந்தப் பொம்பள, நேர்ல போய் நாலு கேள்வி கேக்குறேன்" என்று கிளம்பிப் போனான். சண்டை போடப் போனவன் சம்பந்தம் பேசிவிட்டு வந்தான் என்று அம்மா இன்றும் எல்லோரிடமும் சொல்வாள்.

அந்த அறையில் அண்ணியின் பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தாடி என்று பெயர். மேலாளருக்கு, அவர் முதுகுக்குப் பின்னால், பச்சையார். காலையில் உள்ளே நுழையும்போதே "எல்லாம் பச்சையா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். புள்ளிகளெல்லாம் பச்சையாக இருந்தால் டீக்கு என்னிடம் நன்றி சொல்வார். ஒன்று சிவந்தாலும் டீ ஆறிப்போகும்.

தாடி ஒரு நாள் சொன்னார். "நம்ம வளையம் இருக்கே, பெத்த தாய் மாதிரி. நாம என்ன தப்பு பண்ணினாலும் வெளிய தெரியாம மூடிடும்."

"அதுதான் எனக்குப் பயம்" என்றாள் அண்ணி. "எதைப் புடுங்கினாலும் ஒண்ணும் ஆகலைன்னா, புடுங்குற கைக்கு யோசனையே வராது."

அது நடந்தது ஒரு முற்பகலில். ஆம்புலன்ஸ் அறைக்கும் அதன் இடப்பக்கத்துக் கட்டிடத்துக்கும் நடுவில், பாலத்தடியில் ஒரு குழி இருக்கிறது. அதற்குள் நார்கள் ஒன்றோடொன்று செருகியிருக்கும் ஒரு பெட்டி. முனைகளில் அழுக்கு சேர்ந்து வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்ததால் துடைக்க வேண்டியிருந்தது. அண்ணனுக்கு அந்த வேலை. குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் நாரின் இரண்டு பக்கத்தையும் இருட்டாக்க வேண்டும். அந்தப் பக்கத்துக் கட்டிடத்தின் வெளிச்சத்தை அண்ணி அறையிலிருந்தே அணைப்பாள். இந்தப் பக்கம், ஆம்புலன்ஸ் கட்டிடத்தில், விதிப்படி அண்ணன் தன் கையாலேயே, நார் ஓடும் கம்பியைப் பெட்டியிலிருந்து உருவிவிட வேண்டும்.

போன் வந்தது. நான் அப்போது மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், கன்ட்ரோலா?" என்றான் அண்ணன்.

"சொல்லுங்க டெக்னீஷியன்."

தாடி சிரித்தார். "வீட்டுல ஏங்க, இங்க டெக்னீஷியன். நடக்கட்டும் நடக்கட்டும்."

அண்ணி அவரைக் கண்டுகொள்ளவில்லை. "இடப்பக்கம் ஃபோர்ஸ் போட்டாச்சு. அந்தக் கட்டிடத்துல வெளிச்சம் அணைச்சாச்சு. நீங்க உங்க இடக் கம்பியை உருவலாம்."

"இடப்பக்கம் ஃபோர்ஸ் போட்டாச்சு, அங்க வெளிச்சம் அணைச்சாச்சு, நான் இடக் கம்பியை உருவுறேன்." ஏதோ உரசும் சத்தம். "உருவிட்டேன் மேடம்."

"எந்தப் பக்கம்?"

"கதவுப் பக்கம்."

"கதவுப் பக்கம். சரி, குழிக்குப் போகலாம்."

எல்லாக் கட்டிடத்திலும் பெட்டி ஒரே மாதிரிதான் நிற்கும். கதவுப் பக்கமாக வருவது இடக் கம்பி, சுவர்ப் பக்கமாக வருவது வலக் கம்பி. எழுதி ஒட்டிய துண்டு எங்காவது கிழிந்திருந்தாலும் கதவைப் பார்த்தால் போதும். அவர்களுக்குள் அது பேச்சு வழக்காகவே ஆகியிருந்தது. அண்ணி திரையைப் பார்த்தாள். பச்சை. திரை ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டுக் கேட்டுத்தான் நிறம் மாற்றும், அதனால் கொஞ்சம் பின்தங்கியே இருக்கும். போனை வைத்துவிட்டாள்.

நான் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு நகர்வதற்குள் அலாரம் கத்தியது. ஆம்புலன்ஸ் புள்ளி சிவக்கவில்லை. சாம்பல் நிறமாகிவிட்டது. சாம்பல் என்றால் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை என்று அர்த்தம்.

பச்சையார் தன் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்தார். "என்ன ஆச்சு?"

"ஆம்புலன்ஸ் ரூம் தனியாப் போயிடுச்சு சார்" என்றார் தாடி. அவர் குரலில் விளையாட்டு போயிருந்தது. "இடப்பக்கம் நாமதான் ஃபோர்ஸ் போட்டிருக்கோம். வலப்பக்கமும் இல்லை."

"எவனோ பொக்லைன் வச்சு வெட்டிட்டான். இன்னைக்குன்னு பார்த்து." பச்சையார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நகரத்துல எவன் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாலும் இப்ப லைன் போகாது. தெரியுதில்ல?"

அண்ணி தன் மேசைத் திரையில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தின் அளவைக் காட்டும் ஒரு எண். அதன் மேல் விரலை வைத்தாள்.

"சார், இங்க பாருங்க. இடப்பக்கத்துக் கட்டிடத்துக்கு ஆம்புலன்ஸ் பக்கமிருந்து வெளிச்சம் வந்துக்கிட்டே இருக்கு."

"அதனால?"

"இடக் கம்பியை உருவியிருந்தா இது வரக் கூடாது. அவர் உருவலை. வலக் கம்பியை உருவிட்டாரு."

"கதவுப் பக்கம்னுதானே சொன்னாரு?" என்றார் தாடி.

அண்ணி எண்ணிலிருந்து விரலை எடுக்காமல் மெல்லச் சொன்னாள். "போன மாசம் அங்க சுவருக்குப் பெயின்ட் அடிச்சாங்க. பெட்டியை எதிர்ச் சுவருக்கு மாத்தி வச்சதா சொன்னாங்க. எங்கிட்டத்தான் சொன்னாங்க. இப்ப அங்க கதவுப் பக்கமா வர்றது வலக் கம்பி."

எதைத் திருப்பிச் சொன்னாலும், கேட்டவளுக்கும் சொன்னவனுக்கும் ஒரே தப்பு மனதில் இருந்தால் அது தப்பாகவேதான் திரும்பி வரும். அன்று வரை நானும் அதை யோசித்ததில்லை.

அண்ணி அதற்குள் அண்ணனுக்குப் போன் போட்டிருந்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. அவன் எடுக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை குழித் தண்ணீரில் போனைத் தவறவிட்டதிலிருந்து, வண்டியில் வைத்துவிட்டுத்தான் இறங்குவான். இப்போதும் போனை வண்டிப் பைக்குள் போட்டுவிட்டு, பாலத்துக்குப் போய்க்கொண்டிருப்பான். போய், வெளிச்சம் ஓடிக்கொண்டிருக்கும் நாரை இருட்டு என்று நம்பி உருவி, ஸ்கோப்பில் கண் வைப்பான். அனுப்பி வைத்தது அண்ணி சொன்ன 'சரி'.

ஆம்புலன்ஸ் அறையின் மேற்பார்வையாளரான ஒரு அம்மாவின் கைப்பேசி எண் தாடியிடம் இருந்தது. அண்ணி போனை மேசை மேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி போட்டாள்.

"என்னம்மா நடக்குது? இங்க ஒரு லைன்கூட இல்ல" என்றது அந்தக் குரல். பின்னால் யாரோ, "ஹலோ, ஹலோ" என்று செத்த போனில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, உங்க கட்டிடத்துல எங்க பெட்டி இருக்கிற ரூம், அதைத் திறக்க முடியுமா? ஒரு கம்பி தொங்கிக்கிட்டு இருக்கும். அதைச் செருகினாப் போதும்."

"பூட்டியிருக்கே. உங்க ஆள்தானே பூட்டிட்டுச் சாவியை எடுத்துட்டுப் போனாரு."

"வேற சாவி?"

"அதுவும் உங்ககிட்டதான்."

பச்சையார் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு சாவி எங்கள் அலுவலக அலமாரியில், நகரத்தின் இந்தக் கோடியில் இருந்தது.

"சரி அக்கா. உங்க வண்டி ஒண்ணைப் பாலத்தடிக்கு அனுப்புங்க. மஞ்சள் தடுப்பு வச்சிருக்கும், குழி திறந்திருக்கும். உள்ள இருக்கிறவர்கிட்ட, எதையும் தொடாதே, சாவியைக் கொடுன்னு சொல்லச் சொல்லுங்க. என்ன சொல்லணும்?"

"எதையும் தொடாதே, சாவியைக் கொடு" என்றது அந்தக் குரல். "இதோ ஓட்டுநர் கிளம்புறாரு. அவர் போனையும் இதோட சேர்த்து விடுறேன், நீங்களே பேசுங்க."

பச்சையார் நாற்காலியை இழுத்து அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"ஓட்டுநர் போறது போகட்டும். நீ இப்பவே ஃபோர்ஸை எடு. அந்தப் பக்கம் வெளிச்சத்தைப் போடு. இடப்பக்கம்தான் இன்னும் முழுசா இருக்கே, அது வழியா லைன் வந்துடும்."

"அவர் கையை எடுத்துட்டேன்னு சொல்லலையே சார்."

"அவர் இன்னும் கையே வச்சிருக்க மாட்டாரும்மா."

"வச்சாருன்னா?"

"வச்சாருன்னா..." அவர் சுவர்த் திரையைக் காட்டினார். "நகரம் முழுக்க ஒரே நம்பர். அதுக்கு இப்ப யாரும் பதில் சொல்லலை. நீ என்ன செய்யப் போற?"

நான் டீத்தட்டை இன்னும் கீழே வைக்கவில்லை. டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாதபடி தட்டை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணி சொன்னாள்: "எடுக்குறேன் சார். எடுத்தா ஆம்புலன்ஸ் பெட்டிக்குள்ள என்னால போக முடியும். அவங்க பாட்டுக்குப் போன் பேசட்டும். நான் இந்த எண்ணைப் பார்த்துக்கிட்டு இருப்பேன். குழியில பெட்டித் தட்டைத் திறந்து நாரைத் தொட்டா இது ஆடும். ஆடினா, ஆம்புலன்ஸ் பெட்டியோட வெளிச்சம், அந்தப் பக்கத்து வெளிச்சம், ரெண்டையும் அணைச்சிடுவேன்."

"அணைச்சா போன் மறுபடி போயிடும்."

"போயிடும்."

"அப்புறம் நாம இங்கிருந்து போடவும் முடியாது. சாவி வந்து அந்தக் கம்பியைச் செருகுற வரைக்கும் செத்த லைன்தான்."

"தெரியும் சார். அதான் உங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுறேன்."

"அந்தப் பக்கம் ஒருத்தர் பேசிக்கிட்டு இருந்தா?"

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் அவள் அழுது பார்த்திருக்கிறேன், கோபித்துப் பார்த்திருக்கிறேன். இது வேறு முகம்.

"எடுக்குறேன்" என்றாள். தட்டினாள். "எடுத்தாச்சு."

சாம்பல் புள்ளி சிவந்தது, பிறகு பச்சையாயிற்று. மேசைப் போனில் அந்தக் கட்டிடத்தின் சத்தம் ஒரேயடியாகப் பொங்கியது. எல்லா மணியும் ஒன்றாக அடித்தன. "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்றார் மேற்பார்வையாளர் அம்மா. ஒரு பெண் குரல் அடுத்த மேசையில் கேட்டது: "சொல்லுங்கம்மா, மூச்சு இருக்கா? எந்தத் தெரு?"

பச்சையார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அண்ணி எண்ணைப் பார்த்தாள். நானும் அதைத்தான் பார்த்தேன். அது அசையாமல் நின்றது.

"வண்டி எங்க இருக்கு?" என்று தாடி போனில் கேட்டார்.

"சிக்னல்ல. முன்னாடி லாரி" என்றார் ஓட்டுநர்.

"சைரன் போடுங்க அண்ணே."

"போட்டுட்டுத்தான் நிக்கிறேன்."

அடுத்த மேசைப் பெண் பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவருடைய கணவர் குளியலறையில் விழுந்துவிட்டார். வாய் கோணிவிட்டதாம். தெருப் பெயர் சொல்லிவிட்டார்கள், வீடு எது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பதட்டப்படாதீங்க. தெரு முனையில இருந்து எத்தனாவது?"

எண் ஆடியது.

கொஞ்சம்தான். கடைசி இலக்கம் மாறி, பழையபடி வந்தது. பிறகு மறுபடி.

"குழியில தட்டைத் திறக்குறாரு" என்றாள் அண்ணி.

"திருகைக் கழட்டவே நேரம் ஆகும்" என்றார் பச்சையார் வேகமாக. "அதிர்வுதான் அது. பாலத்து மேல பஸ் போனாக்கூட ஆடும். வண்டி வந்துடும். பொறு."

"பாலம் தெரியுது" என்றார் ஓட்டுநர்.

"கேட்டியா? பாலம் தெரியுதாம். பொறும்மா."

எண் சடாரென்று விழுந்து பாதியில் நின்றது. குழிக்குள் நார் வளைந்துவிட்டது.

அண்ணி அணைத்துவிட்டாள். யாரையும் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. புள்ளி சாம்பலானது. அந்தக் கட்டிடத்தின் மணிகளெல்லாம் ஒரு கணத்தில் நின்றன. "எத்தனாவது வீடும்மா? அம்மா? ஹலோ?" என்ற குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

பச்சையார் எழுந்து சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

ஓட்டுநர் குழியருகே போய்விட்டார். அவர் ஓடும் சத்தமும் மூச்சும் மேசை மேல் கேட்டன. "சார், தொடாதீங்க. தொடாதீங்க சார். சாவி, சாவி." கீழேயிருந்து என் அண்ணன் குரல் குழியின் எதிரொலியோடு வந்தது. "யாருங்க நீங்க? என்ன சாவி?"

"ஸ்கோப் எங்க இருக்குன்னு கேளுங்க" என்றாள் அண்ணி.

"ஸ்கோப் எங்கன்னு மேடம் கேக்குறாங்க சார்."

"பைக்குள்ள. இப்பத்தான் மூடியையே கழட்டுறேன். என்ன விஷயம்?"

அண்ணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். ஓட்டுநர் சாவியோடு திரும்பினார். அவர் போய்ச் சேர்ந்து, கதவைத் திறந்து, தாடி சொல்லச் சொல்ல, தொங்கிக்கொண்டிருந்த கம்பியைச் செருகும் வரை எல்லோரும் அந்தச் சாம்பல் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு மணிகள் திரும்பி வந்தன. குளியலறைக் கணவரின் மனைவி திரும்பக் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனதும், அந்தத் தெருவில் ஆம்புலன்ஸ் ஒன்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு நின்றதும் மறுநாள்தான் தெரியவந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். வலது கை விழுந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தான்.

"நான் என்ன சின்னப் பையனா? கண்ணு வைக்கிறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சுப் பாக்க மாட்டேனா? வெளிச்சம் இருந்தா அது காட்டிக் கொடுத்துடும்ல."

"மீட்டர் வச்சுப் பாப்பீங்களா?" என்றாள் அண்ணி.

"பாப்பேன்."

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"ஃபோர்ஸ் போட்டா இருட்டுதானே. நீ போட்டா எனக்கு எதுக்கு மீட்டர்?" என்றான் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "உன்னை நம்பித்தானே இறங்குறேன்."

அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவன் திட்டியிருந்தால் அவள் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

விசாரணை நடந்தது. என்னையும் கூப்பிட்டார்கள், அறையில் இருந்தவள் என்று. நான்கு பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். பார்த்ததைச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். பச்சையார் நடந்ததை நடந்தபடியே சொன்னார். ஃபோர்ஸை எடுக்கச் சொன்னது தான் என்றும், அணைக்க வேண்டாம், பொறு என்றதும் தான் என்றும், ஒன்றையும் மறைக்கவில்லை. ஓட்டுநர், தான் போனபோது ஸ்கோப் பைக்குள் இருந்தது என்றார். அதுவும் உண்மைதான். அப்படியென்றால் அணைக்காமல் இருந்திருந்தாலும் அண்ணனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த அம்மா வீடு எது என்று சொல்லி முடித்திருப்பார்.

நால்வரில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். அவர் கேட்டார்: "குழிக்குள்ள இருந்தது உங்க வீட்டுக்காரர். வேற ஆளா இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"அணைச்சிருப்பேன்" என்றாள் அண்ணி.

"உறுதியாச் சொல்ல முடியுமா?"

வெளி வராந்தாவில் யாரோ இருமினார்கள்.

"அணைச்சிருப்பேன்னுதான் நினைக்கிறேன். ஆனா வேற ஆளா இருந்திருந்தா, கதவுப் பக்கம்னு சொன்னதும் எந்தக் கட்டிடத்துக் கதவுன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் குரல்ங்கிறதால கேக்கலை. அதைத்தான் நீங்க எழுதிக்கணும்."

இதை அவளாகச் சொன்னாள். அவர்கள் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில், "ஏன் அண்ணி அதைச் சொன்னீங்க?" என்று கேட்டேன். நான் கேள்வி கேட்பது அபூர்வம் என்பதால் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உண்மை அதுதானே" என்றாள். "அந்த மனுஷனோட கை போனதுக்கு டாக்டருங்க ஆயிரம் காரணம் சொல்றாங்க. நேரத்துக்கு வந்திருந்தாலும் போயிருக்கும்ங்கிறாங்க. இருக்கலாம். நான் பொத்தானைத் தட்டினதுக்கு வருத்தப்படலை. தட்ட வேண்டிய இடத்துக்கு வந்து நின்னேன் பாரு, அதுக்குத்தான்."

ஒரு வருடம் ஆகப் போகிறது. பெட்டிகளில் இப்போது இடம் வலம் என்று சொல்வதில்லை. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் ஆரஞ்சு, கதவைப் பற்றிப் பேசவே கூடாது என்று உத்தரவு. ஒவ்வொரு கட்டிடத்திலும் ஒரு சாவி இருக்கிறது. கணவன் குழியில் இருந்தால் மனைவி திரையில் இருக்கக் கூடாது என்று ஒரு விதியும் வந்திருக்கிறது. அந்த நிறுவனத்தில் அப்படி இருப்பது ஒரே ஒரு ஜோடிதான்.

அண்ணன் ஸ்டோரில் கம்பிச் சுருள்களுக்குக் கணக்குப் பார்க்கிறான். கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. அண்ணி அதே நாற்காலியில் இருக்கிறாள், ஆனால் ஃபோர்ஸ் போடவும் எடுக்கவும் அவளுக்கு இப்போது அனுமதி இல்லை. பார்த்துச் சொல்வாள், தாடி தட்டுவார். இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள், முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாக. குளியலறையில் விழுந்தவர் இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டார் என்று மேற்பார்வையாளர் அம்மா சொன்னார்.